ஒரு கால்பந்துக் கழகத்தின் வரவும் செலவும்

(முன்னாள் மாணவியர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "கால்பந்துக் கழகம் நடத்தும் நம் முன்னாள் மாணவி" என்று என்னை இங்கே அறிமுகம் செய்தார்கள். நான் இதுவரை ஒரு பந்தைக்கூட ஒழுங்காக உதைத்தது கிடையாது. 'ஆஃப்சைடு' என்றால் என்னவென்று என் மகன் மூன்று தடவை விளக்கிவிட்டான். மூன்று தடவையும் புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். நான் பி.காம். படித்தவள். ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். கழகத்திலும் அதே வேலைதான். எனவே ஒரு விளையாட்டு வீராங்கனையின் பேச்சை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது ஒரு கணக்குப்பிள்ளையின் பேச்சு.

கதை 2011-இல் ஆரம்பிக்கிறது. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. ஒருநாள் சாயங்காலம் காலில் சீமைக்கருவேல முள்ளோடு நொண்டிக்கொண்டு வந்தான். "எங்கடா போய் இதை ஏத்திட்டு வந்தே?" என்றேன். "கண்மாய்க் கரையில ஃபுட்பால் சொல்லித் தர்றாங்கம்மா" என்றான். சண்டை போடுவதற்காகத்தான் மறுநாள் அங்கே போனேன். போய்ப் பார்த்தால், ஓய்வு பெற்ற பி.டி. சார் ஒருவர், கழுத்தில் விசில், கையில் ஒரு பந்து, சுற்றி இருபத்திரண்டு பையன்கள். ஒரு பந்துக்கு இருபத்திரண்டு பேர். அந்தப் பந்தும் பல ஊர் முள் பார்த்த பந்து. சைக்கிள் கடை அண்ணன் அதற்கு எத்தனை தடவை பஞ்சர் ஒட்டினார் என்பது அவருக்கே தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சாரே கேட்டார்: "ஏம்மா, நீ பி.காம். படிச்ச பிள்ளைதானே? இந்த நோட்டைக் கொஞ்சம் பாரு தாயி, எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது."

அது ஒரு நாற்பது பக்க பள்ளிக்கூட நோட்டு. முதல் பக்கத்தில் பையன்கள் பெயர். அடுத்த பக்கத்தில் பந்து வாங்கிய கணக்கு. அதற்கடுத்து யாரோ வரைந்த கோல் போஸ்ட். வரவு என்ற இடத்தில் எல்லா வரியிலும் ஒரே சொல்தான் இருந்தது: 'நான்'. அதாவது சாருடைய பென்ஷன். ஒரு வருஷத்துக்கு அவர் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கூட்டிச் சொன்னேன். அவருக்கே அதிர்ச்சி. "இதை வீட்ல சொல்லிராதம்மா" என்றார். சண்டைக்குப் போனவள் கணக்கரோடு திரும்பிவிட்டேன். அந்தக் கணக்கர் நான்தான்.

தங்கைகளே, நம்ம ஊரில் விளையாட்டுக்கு ஆர்வம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இல்லாதது வேறு. ஒரு டீம் சேர்ப்பது சுலபம். பதினோரு பேர், ஒரு பந்து, ஒரு டோர்னமென்ட் நோட்டீஸ் இருந்தால் போதும். டோர்னமென்ட் முடிந்ததும் டீமும் முடிந்துவிடும். கழகம் என்பது, தோற்றுப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை சாயங்காலமும் யாரோ ஒருவர் மைதானத்துக்கு வந்து நிற்பது. அதற்கு விசில் மட்டும் போதாது, நோட்டும் வேண்டும்.

2012-இல் சங்கமாகப் பதிவு செய்தோம். 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். சார், சைக்கிள் கடை அண்ணன், ஒரு பள்ளி ஆசிரியை, பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், பெற்றோர் இரண்டு பேர், ஏழாவதாக நான். விதிமுறை எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, வங்கியில் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டோடு கணக்குத் தொடங்கினோம். வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு, தணிக்கை செய்த வரவு செலவு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் முறையாகத் தாக்கல் செய்கிறோம். "நாலு பையன் பந்து விளையாட இவ்வளவு பேப்பரா?" என்று பலர் கேலி செய்தார்கள். ஆனால் அந்தப் பேப்பர் வந்த பிறகுதான் ஊரில் பத்து ரூபாய் கொடுக்கிறவருக்கும் ரசீது கொடுக்க முடிந்தது. ரசீது வாங்கியவர் அடுத்த மாதம் தானாகவே வந்து, "பிள்ளைக எப்படி விளையாடுது?" என்று கேட்டார். ரசீதுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. அது கொடுத்தவரையும் உள்ளே இழுத்துவிடும்.

பிள்ளைகளிடம் மாதம் இருபது ரூபாய் வாங்கினோம். இலவசமாகவே நடத்த வேண்டும் என்பது சாரின் கட்சி. பெற்றோர் காசு கொடுத்தால்தான் நம்மிடம் கேள்வி கேட்பார்கள் என்பது என் கட்சி. முடியாத வீட்டுப் பிள்ளைகளிடம் வாங்குவதில்லை. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பது நோட்டுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

நிலக்கோட்டையில் கழகம் நடத்துவது என்றால் பூவோடு சேர்ந்து நடத்துவது. இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. மல்லிகையை விடியுமுன் மொட்டாகப் பறிக்க வேண்டும். கோடையில் செடி நிறையப் பூக்கும்போது லீவு விட்ட பிள்ளைகள் எல்லாம் தோட்டத்தில் நிற்கும். புத்தகத்தில் பார்த்தால், கோடை விடுமுறையில்தான் காலைப் பயிற்சி வைக்க வேண்டும் என்றிருக்கும். இங்கே வைத்தால் மைதானத்தில் சாரும் விசிலும்தான் இருப்பார்கள். எனவே பறிப்புக் காலத்தில் சாயங்காலம் மட்டும் பயிற்சி. மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்தால் மைதானமே தண்ணிக்குள் போய்விடும். அப்போது பள்ளி வளாகத்தில் இடம் கேட்டுச் சின்னச் சின்னக் குழுவாக ஆடுவோம்.

பந்திலும் கணக்கு இருக்கிறது. பெரியவர்கள் ஆடுவது 5-ஆம் நம்பர் பந்து. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். எட்டு வயதுப் பிள்ளை அதை உதைத்தால் பந்து போகாது, கால்தான் வலிக்கும். அவர்களுக்கு 3, 4 நம்பர் பந்துகள் வேண்டும். அதாவது சிறுபிள்ளைகளைச் சேர்த்தால் ஏற்கெனவே இருக்கிற பந்தை வைத்துச் சமாளிக்க முடியாது. தனியாகச் செலவு செய்தாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பெண் பிள்ளைகள் வந்தது 2013-இல். அக்கா தம்பியைக் கூட்டிப் போக வந்து, தம்பியைவிட நன்றாக ஆடிய கதை. ஆனால் தாய்மார்களுக்குப் பயம். டவுசர் போடணுமா? இருட்டினால் யார் கொண்டுவந்து விடுவார்கள்? நான் வீடு வீடாகப் போனேன். முழுக்கால் டிராக் பேன்ட்டே போடலாம் என்றேன். பொழுது சாயும் முன் பயிற்சி முடியும் என்றேன். மைதானத்தில் எப்போதும் ஒரு பெண் இருப்பாள் என்றேன். யாரை யார் வீட்டில் விட்டார்கள் என்று தினமும் நோட்டில் எழுதினேன். ஒரு அப்பத்தா அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தது. படிக்கத் தெரியாது. "எழுதித்தான வச்சிருக்கா, அனுப்பு" என்று மருமகளிடம் சொன்னது. எனக்குக் கிடைத்த பெரிய நற்சான்றிதழ் அதுதான்.

இப்படியே 2016 வந்தபோது நோட்டில் எழுபத்து நாலு பெயர்கள். அதில் பத்தொன்பது பெண் பிள்ளைகள். அந்த வருஷம் பெரிய பையன்கள் ஒரு டோர்னமென்டில் ஜெயித்தார்கள். ஊரில் தட்டி வைத்தார்கள். அதைப் பார்த்து ஒரு தொழிலதிபர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். காபி கொடுத்து உட்காரவைத்து, வருஷத்துக்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாகச் சொன்னார். ஜெர்சியில் அவர் நிறுவனத்தின் பெயர். ஒரே ஒரு எதிர்பார்ப்பு. "பதினாறு நல்ல பையன்களைப் பொறுக்கி எடுங்க. அவங்க மேல முழுக் கவனம் வைங்க. கூட்டத்தை வச்சு என்ன பண்றது?"

சார் தயங்கினார். சைக்கிள் கடை அண்ணன் எதுவும் பேசவில்லை. "வாங்கிக்கலாம் சார்" என்று சொன்னது நான்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சே இதற்காகத்தான். கணக்கர் என்ற முறையில் எனக்கு வரவுப் பக்கம் மட்டும் தெரிந்தது.

இரண்டு வருஷம் அமர்க்களமாக இருந்தது. பதினாறு பேருக்கும் ஸ்டட்ஸ் வைத்த ஷூ, ஜெர்சி, வெளியூர்ப் போட்டிக்கு வேன். திண்டுக்கல், மதுரை, தேனி என்று போனோம். அலமாரியில் கப் வந்தது. பெரிய பையன்களுக்கு மைதானம் தினமும் வேண்டியிருந்ததால், சிறுபிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று மாற்றினோம். யாரையும் போகச் சொல்லவில்லை. நேரத்தை மட்டும்தான் மாற்றினோம்.

2018 மார்ச் மாதம். வருஷக் கணக்கு முடிக்கிறேன். எங்கள் கழகம் அதுவரை பார்க்காத வரவு. கையிருப்பு உண்டு, கடன் இல்லை. மனசு நிறைந்து போய், பொதுக்குழு அறிக்கையில் எழுதுவதற்காக வருகைப் பதிவு நோட்டை எடுத்தேன். மொத்தம் முப்பத்தொரு பெயர். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடியும் எண்ணினேன். முப்பத்தொன்றுதான். பெண் பிள்ளைகள் நாலு பேர்.

எழுபத்து நாலிலிருந்து முப்பத்தொன்று. யாரும் சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு ஞாயிறு வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை, அவ்வளவுதான். தினமும் பயிற்சி இருந்தபோது ரெண்டு நாள் ஒரு பிள்ளை வராவிட்டால் யாராவது வீட்டில் போய்க் கேட்பார்கள். வாரம் ஒருநாள் என்று ஆனதும் அந்தப் பழக்கம் விட்டுப்போனது. அலமாரியில் கப் இருந்தது. நோட்டில் பிள்ளைகள் இல்லை.

வணிகவியல் படிக்கும் தங்கைகளுக்குத் தெரியும், லாபம் காட்டும் கணக்கிலேயே நஷ்டம் ஒளிந்திருக்கும். நான் ஒளித்து வைத்திருந்தேன், எனக்கே தெரியாமல்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, மற்ற ஊர்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன். அந்த மார்ச்சுக்குப் பிறகுதான் நான் இதையெல்லாம் தேடிப் படித்தேன், விசாரித்தேன்.

சென்னை வியாசர்பாடியைச் 'சின்ன பிரேசில்' என்று சொல்வார்கள். அங்கே உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் 1990-களின் கடைசியில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பெயரிலேயே விளையாட்டு, திறமை, கல்வி மேம்பாடு மூன்றும் இருக்கும். பந்து ஆட வருகிற பிள்ளைக்குப் பாடமும் உண்டு. வியாசர்பாடி மண்ணில் வளர்ந்த தனபால் கணேஷ், 2017-18 ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடியவர். ஊருக்கு அது பெருமை. ஆனால் கணேஷ் மாதிரி ஒருவர் வரும் இடத்தில், ஐ.எஸ்.எல். பக்கமே போகாத பிள்ளைகள் எத்தனையோ பேர் பள்ளிப்படிப்பை முடித்து வெளியே வருகிறார்கள். என்னைக் கேட்டால் கணக்கில் அவர்களைத்தான் முதலில் எழுத வேண்டும்.

அடுத்து கடலூர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகளையும் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளையும் மைதானத்துக்குக் கொண்டுவந்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். தங்குமிடம், படிப்பு, பந்து மூன்றும் ஒன்றாக. அதே கடலூர் மண்ணிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020 ஊரடங்கில் சென்னைத் தெருவில் காவல் பணியில் நின்றார். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, தேசிய சீனியர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மறுபடியும் கோப்பையை எடுத்தது. நம்ம மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டுப் பெண் பிள்ளைக்குப் பந்து வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது. நான் 2018-இல் நாலு பேரில் கொண்டுவந்து நிறுத்தியது எந்த வருஷத்தில் என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் இந்தியாவை வென்ற அதே வருஷத்தில்.

நாக்பூரில் விஜய் பார்சே என்று ஒருவர். நம்மைப் போல ஒரு கல்லூரியைச் சேர்ந்தவர். ஹிஸ்லாப் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். 2001-இல் மழையில் சேரிப் பிள்ளைகள் உடைந்த பிளாஸ்டிக் வாளியை உதைத்து ஆடுவதைப் பார்த்து ஆரம்பித்ததுதான் 'ஸ்லம் சாக்கர்'. வாளியைப் பந்தாகப் பார்த்த பிள்ளைகளுக்கு நிஜப் பந்தைக் கொடுத்தார். அவர் வாழ்க்கையை வைத்து 2022-இல் அமிதாப் பச்சன் நடித்த படமே வந்துவிட்டது.

கடல் தாண்டி ஒரு இடம். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் நைரோபி நகரில் மத்தாரே என்ற பெரிய குடிசைப் பகுதி. 1987-இல் அங்கே ஒரு இளைஞர் விளையாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் லீக்கில் ஒரு வினோதமான விதி. ஆட்டத்தில் ஜெயித்தால் புள்ளி உண்டு. தெருவில் குப்பை அள்ளித் துப்புரவுப் பணியை முடித்த அணிக்கும் 6 புள்ளி உண்டு. குப்பை அள்ளாத அணி எவ்வளவு கோல் போட்டாலும் மேலே வருவது கஷ்டம். அந்தச் சங்கத்திலிருந்து வந்த மத்தாரே யுனைடெட் அணி 2008-இல் கென்யாவின் பிரீமியர் லீக்கையே வென்றது. குப்பை அள்ளியதால் ஆட்டம் கெட்டுப்போகவில்லை.

இந்த நாலு இடங்களிலும் நான் பார்த்தது ஒன்றுதான். அவர்கள் நன்றாக ஆடும் பிள்ளையைத் தேடி ஆரம்பிக்கவில்லை. வருகிற பிள்ளையை வைத்து ஆரம்பித்தார்கள். நன்றாக ஆடும் பிள்ளை அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்துதான் வந்தது. கூட்டத்தைக் கலைத்துவிட்டால் அடுத்த பதினாறு பேர் எங்கிருந்து வருவார்கள்?

2018 பொதுக்குழுவில் நான் எழுந்து நின்று, வரவு செலவு வாசிப்பதற்கு முன்னால் அந்த இரண்டு எண்களையும் வாசித்தேன். எழுபத்து நாலு. முப்பத்தொன்று. "இதுக்கு நான்தான் காரணம்" என்றேன். சார் என்னைத் திட்டவில்லை. "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தொழிலதிபரிடம் நானும் சாரும் போனோம். இனிமேல் கழகத்துக்குப் பொதுவாகத் தருவதானால் வாங்கிக்கொள்கிறோம், பதினாறு பேருக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்றோம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், மரியாதையாகவே விலகிக்கொண்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்டது அவர் உரிமை. சரி என்று சொன்னது என் தப்பு.

பிறகு நோட்டை மாற்றினோம். முதல் செலவு சின்னப் பந்துகளுக்கு. கடைசிச் செலவு ஜெர்சிக்கு. எந்தப் பிள்ளையாவது தொடர்ந்து மூன்று பயிற்சிக்கு வராவிட்டால், நாலாம் நாள் யாராவது அந்த வீட்டுக்குப் போக வேண்டும். போனவர் பெயரையும் நோட்டில் எழுத வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் மைதானம் என்று தீர்மானம் போட்டோம். அதை எந்த டோர்னமென்டுக்காகவும் மாற்றக் கூடாது. நைரோபியைப் பார்த்து, எங்கள் உள்ளூர் லீக்கில் ஒரு விதி வைத்தோம். அவர்களுக்குக் குப்பை, எங்களுக்குக் கருவேல முள். மைதானத்தில் முள் பொறுக்கிய அணிக்குப் புள்ளி. சைக்கிள் கடை அண்ணனுக்குத்தான் வருமானம் குறைந்தது. சந்தோஷமாகப் பொறுத்துக்கொண்டார்.

பணம் குறைந்துபோனது. வேன் போய் பஸ் வந்தது. பெரிய பையன்களில் ஐந்து பேர் கோபித்துக்கொண்டு வேறு டீமுக்குப் போனார்கள். அடுத்த இரண்டு வருஷம் ஒரு கப்பும் வரவில்லை. "நல்லா இருந்த டீமைக் கெடுத்துட்டீங்களே" என்று ஊரில் சொன்னார்கள். அந்த ஐந்து பையன்கள் விஷயத்தில் நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு கேள்வி உண்டு. அவர்களுக்கு ஆசை காட்டியதும் நாங்கள்தான், பாதியில் நிறுத்தியதும் நாங்கள்தான்.

பெயர்கள் மெதுவாகத் திரும்பின. ஆனால் எல்லாப் பெயரும் திரும்பவில்லை. ஒரு பெயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பூக்கட்டும் அம்மாவின் மகள். 2016-இல் ஒன்பதாம் வகுப்பு. ஆட்டம் சுமார்தான். ஆனால் பயிற்சி முடிந்ததும் கூம்பு எல்லாவற்றையும் எடுத்து அடுக்கி, பந்துகளை எண்ணிச் சாக்கில் போட்டு, "அக்கா, ஏழு இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று மாற்றியபோது அவள் நின்றுபோனாள். ஞாயிறு முகூர்த்த நாளாக இருந்தால் வீட்டில் மாலை கட்டும் வேலை. யாரும் போய்க் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்தாவதோடு படிப்பும் நின்றது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

2020-இல் ஊரடங்கு தளர்ந்து ஆலை மறுபடியும் ஓட ஆரம்பித்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களின் சம்பளப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. அதில் அந்தப் பெயர். பதினெட்டு வயது என்று போட்டிருந்தது. நான் எழுதும் ஒரு நோட்டிலிருந்து காணாமல் போன பெயர், நான் எழுதும் இன்னொரு நோட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. வேலை செய்வது கேவலம் இல்லை. நானும் அதே ஆலையில்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் அவளுக்கு வேறு வழி ஏதாவது இருந்து, அதில் இது வேண்டும் என்று அவளே எடுத்திருந்தால், அன்றைக்கு என் கை நடுங்கியிருக்காது.

அடுத்த வருஷம் அவளே மைதானத்துக்கு வந்தாள். கையில் தங்கச்சி, ஏழு வயது. "சேத்துக்கங்கக்கா" என்றாள். பேர் எழுதப் போனேன். அப்போது கேட்டாள்: "இவளையும் பாதியில விட்டுற மாட்டீங்களே?"

கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டாள். எத்தனையோ தணிக்கையாளர் என் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு தணிக்கைக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அந்தத் தங்கச்சி இன்றைக்கும் நோட்டில் இருக்கிறாள். நன்றாக ஆடுகிறாளா என்று கேட்காதீர்கள். அக்கா மாதிரியேதான், சுமார். பந்தை மட்டும் சரியாக எண்ணுவாள்.

சார் இப்போது தினமும் மைதானத்துக்கு வருவதில்லை, முழங்கால் வலி. விசில் எங்களிடம் வளர்ந்த இரண்டு பேரிடம் இருக்கிறது. ஒரு பையன், ஒரு பெண். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆரம்பநிலைப் பயிற்சியாளர் படிப்பு படிக்க வைத்தோம். நோட்டையும் அவர்களுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு கழகம் வளர்ந்துவிட்டதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: ஆரம்பித்தவர் ஒருநாள் வராவிட்டாலும் பயிற்சி நடக்கிறதா?

முடிக்கிறேன். என்னை அழைத்தபோது, சங்கத்திலிருந்து கழகத்துக்கு ஏதாவது உதவி செய்யலாமா என்று கேட்டார்கள். பணம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ரசீதுப் புத்தகம் என் பையில்தான் இருக்கிறது. ஆனால் பணத்தைவிட அவசரமான தேவைகள் உண்டு. இங்கே கணக்கியல் படித்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் ஊரிலும் என் சார் மாதிரி ஒருவர் பென்ஷன் பணத்தில் சிலம்பமோ கபடியோ கால்பந்தோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார். அவருக்கு நோட்டு எழுத ஆள் இருக்காது. போய் எழுதிக் கொடுங்கள். கணிதமும் ஆங்கிலமும் படித்தவர்கள் வாரம் ஒரு மணி நேரம் பயிற்சிக்குப் பிறகு பாடம் சொல்லித் தாருங்கள். தங்கைகளே, நீங்கள் சும்மா மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்றாலே போதும். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி அங்கே நிற்பதைப் பார்த்தால், எட்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மாவுக்கு ஒரு தைரியம் வரும்.

இன்னொன்று. இனி எந்த விளையாட்டுக் கழகத்துக்கு நன்கொடை கொடுப்பதானாலும், "எத்தனை கப் வாங்குனீங்க?" என்று கேட்காதீர்கள். "போன வருஷம் வந்த பிள்ளைகள்ல இந்த வருஷம் எத்தனை பேர் இருக்காங்க? வராதவங்க ஏன் வரல?" என்று கேளுங்கள். அந்த நோட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு எங்களுக்குக் காபி கொடுத்த அந்த மனிதர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், நான் நாற்பத்து மூன்று பிள்ளைகளைத் தொலைத்திருக்க மாட்டேன்.

இந்தக் கல்லூரி எனக்கு இரட்டைப் பதிவு முறையைச் சொல்லிக் கொடுத்தது. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுத வேண்டும். அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்பதற்காகத்தான் சொன்னேன்.